பொறுக்கச் சொன்ன தாடையும் பொறுக்காத தாடையும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. பிள்ளைகளின் அம்மம்மா, மூத்தவனுக்கு மூன்று வயதானதிலிருந்து, பிறந்தநாள்தோறும் அவனைச் செருப்பில்லாமல் அங்கே நிறுத்தி, உச்சந்தலையில் அடிமட்டத்தை வைத்துக் கோடு கீறித் திகதி போடுவார். வெள்ளவத்தையில் வாடகை வீடு. பெயின்ற் அடிக்க ஆள் வரும்போதெல்லாம் அந்த ஒரு நிலையை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்வதும் அவர்தான். அந்தக் கோடுகளை ஒரு வைத்தியர் ஒருநாள் அக்கறையோடு விசாரிப்பார் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

மூத்தவனையும் இளையவளையும் பார்த்தவர் ஒரே பல்சீரமைப்பு நிபுணர், அதாவது நாங்கள் சாதாரணமாகக் ‘கம்பி போடுகிற டொக்டர்’ என்று சொல்கிறவர். மூத்தவனை 2017இல், அவனுக்கு எட்டு வயதானபோது, கூட்டிச் சென்றேன். வாயைப் பார்த்துவிட்டு, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், நான்கு வருடம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். இளையவளை 2022இன் தொடக்கத்தில், அவளுக்கு எட்டரை வயதானபோது, கூட்டிச் சென்றேன். இந்த மாதமே தொடங்க வேண்டும், ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே வைத்தியர், நேர்மாறான இரண்டு புத்திமதிகளைச் சொன்னார். முதலில் எனக்கு அது முரண்பாடாகத்தான் பட்டது. இரண்டும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை என்று விளங்கச் சில மாதங்கள் பிடித்தன. பாடசாலை வாசலில் காத்து நிற்கும் அம்மாமார் என்னிடம் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பதால், ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நான் வைத்தியர் அல்ல. கிளினிக் வாங்கில் பல மணித்தியாலங்கள் உட்கார்ந்திருந்த ஒரு தாய், அவ்வளவுதான்.

வாயை மூடிப் பல்லைக் கடித்தால், மேற்பல் வரிசை கீழ்ப்பல் வரிசைக்குச் சற்று வெளியே, டப்பாவுக்கு மூடி போட்டதுபோல, உட்கார வேண்டும். முன்பற்களில் அந்த இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீற்றர் இருந்தால் இயல்பு. அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899இல், ஆறு வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லை ஆதாரமாக வைத்து, கடிப்பின் கோளாறுகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். கீழ்ப்பற்கள் பின்வாங்கி நின்றால் இரண்டாம் வகுப்பு, முன்னேறி நின்றால் மூன்றாம் வகுப்பு, கடைவாய்ப் பல் சரியாகவே பொருந்தி மற்றப் பற்கள் மட்டும் நெருங்கியோ கோணியோ இருந்தால் முதலாம் வகுப்பு. இன்றைக்கும் டொக்டர்மார் கோப்பில் எழுதுவது இந்த எண்களைத்தான். ஆனால் ஆங்கிள் பார்த்தது பல்லை மட்டும். பல்லைத் தாங்கும் எலும்பில் எது குற்றவாளி என்று அளக்க வழி பிறந்தது 1931இல், தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை அமெரிக்காவில் பிராட்பென்டும் ஜேர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே அறிமுகப்படுத்திய பிறகு. கீழ்ப்பல் முன்னால் நிற்பதற்குக் கீழ்த்தாடை நீண்டதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேல்தாடை வளராமல் பின்தங்கியதும் காரணமாக இருக்கலாம். கண்ணாடியில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

என்னைக் குழப்பிய ‘பொறு’வும் ‘விரை’வும் இங்கேதான் அவிழ்கின்றன, ஏனென்றால் இரண்டு தாடைகளும் ஒரே நேர அட்டவணையில் வளர்வதில்லை. மேல்தாடை மண்டையோட்டின் மற்ற எலும்புகளோடு பொருத்துகளால் தைக்கப்பட்டதுபோல இணைந்திருக்கிறது. சின்ன வயதில் அந்தத் தையல்கள் இளக்கமாக இருக்கும். பத்து வயதை அண்மிக்கும்போது, இரண்டு சக்கரங்களின் பற்கள் கோத்ததுபோல, இறுகத் தொடங்கும். கீழ்த்தாடையோ காதுக்கு முன்னாலிருக்கும் மூட்டின் முனையில் வளர்கிறது, அதோடு உடம்பு உயரும் வேகத்தைப் பின்பற்றுகிறது. பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய பன்னிரண்டிலும் ஆண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய பதினான்கிலும் உச்சமடையும் அந்தப் பாய்ச்சலோடு அதுவும் நீள்கிறது, மேல்தாடை ஓய்ந்த பிறகும் சில வருடங்கள் தொடர்கிறது. மூத்தவனுக்குக் குறைவாக இருந்தது கீழ்த்தாடை. அதன் நல்ல காலம் இன்னும் வரவில்லை, எனவே பொறுக்கலாம். இளையவளுக்குக் குறைவாக இருந்தது மேல்தாடை. அதன் நல்ல காலம் கழிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, கீழ்த்தாடையின் பாய்ச்சல் இனிமேல்தான் வரவிருந்தது.

மூத்தவனுடைய கதை இப்படி. அவனுக்குப் பல்லு மிதப்பு என்று அம்மா ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டார். ஆறு வயது வரை பெருவிரல் சூப்பினான்; அம்மா வேப்பெண்ணெய் பூசினார், அவன் அதன் சுவைக்கும் பழகிக்கொண்டான். நிரந்தர முன்பற்கள் முளைப்பதற்கு முன் விரல் சூப்புதல் நின்றுவிட்டால் பெரும்பாலும் பல் தானாகவே திரும்பிவிடும் என்று பிறகு அறிந்தேன், ஆனால் இவன் அந்த எல்லையைத் தாண்டித்தான் நிறுத்தினான். எட்டு வயதில் மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் இடையே ஒன்பது மில்லிமீற்றர். கீழ் உதடு மேற்பல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். உடனே ஏதாவது போடுங்கள் என்று நான் வற்புறுத்தினேன்.

டொக்டர் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டாம் வகுப்புக்கு எட்டு ஒன்பது வயதில் ஒருமுறையும் பன்னிரண்டுக்கு மேல் மறுமுறையுமாக இரண்டு கட்டங்களில் சிகிச்சை செய்வதா, அல்லது பதின்ம வயதின் தொடக்கத்தில் ஒரே கட்டமாகச் செய்வதா என்று அமெரிக்காவின் வட கரோலினாவிலும் புளோரிடாவிலும் இங்கிலாந்தின் மான்செஸ்ரரிலும் குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்துப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். கடைசியில் தாடையின் நிலையிலும் கடிப்பிலும் இரு பகுதியினருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. முந்தித் தொடங்கியவர்களுக்குக் கிடைத்த தெளிவான இலாபம், விழுந்தெழும்பி முன்பல்லை உடைத்துக்கொள்வது குறைந்தது மட்டுமே. இந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வின் முதல் ஆசிரியர் பத்ரி திருவேங்கடாச்சாரி. இந்தத் துறையின் ஆங்கிலக் கட்டுரைகளில் முட்டி மோதிக்கொண்டிருந்த எனக்கு, நடுவே அப்படியொரு பெயரைக் கண்டதில் காரணமில்லாத ஒரு சந்தோஷம்.

அதற்காகப் பொறு என்பதை எல்லோருக்கும் பொருத்திவிடவும் கூடாது. பகிடி தாங்காமல் பாடசாலைக்குப் போக மறுக்கிற பிள்ளைக்கு முந்திச் செய்வதில் நியாயம் உண்டு என்று டொக்டரே சொன்னார். இவன் பகிடிக்குப் பகிடி திருப்பிக் கொடுக்கிற இரகம். ஆகவே கிரிக்கெட் விளையாடும்போது போடுவதற்கு ஒரு பல் காப்பு மட்டும் செய்து தந்தார். அது பெரும்பாலும் புத்தகப் பையின் அடியில் கிடந்தது.

இளையவளை மட்டும் ஏன் பிந்திக் கூட்டிச் சென்றேன்? ஏழு வயதில், அவளுடைய கீழ் முன்பற்கள் மேற்பல்லுக்கு வெளியே முளைத்திருப்பதைக் கண்டு பக்கத்துப் பல் வைத்தியர் ஒருவரிடம் காட்டினேன். பாற்பற்கள் எல்லாம் விழட்டும், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கம்பி போடலாம் என்றார். அண்ணனுக்கும் பொறுக்கத்தானே சொன்னார்கள் என்று நானும் திருப்தியோடு திரும்பிவிட்டேன். ஒரு பிள்ளைக்குச் சரியாக இருந்த புத்திமதி மற்றப் பிள்ளைக்கு நஞ்சாகலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூத்தவனின் நான்கு வருடக் கெடு முடிந்து அவனைக் காட்டப் போன அன்று, வீட்டில் விட ஆளில்லாததால் இவளும் கூட வந்திருந்தாள். வாங்கில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்துத்தான் டொக்டர் கேட்டார், இவளுக்கு எப்போது என்று.

அவர் சிங்களவர். ‘துவ, கட அரின்ன’ என்றார். இவள் வாயைத் திறந்தாள். நுனி நாக்கை அண்ணத்தின் பின்பக்கம் மடித்துத் தொட்டுக்கொண்டே பல்லைக் கடிக்கச் சொல்லி, நாடியை மெதுவாகப் பின்னால் தள்ளிப் பார்த்தார். மேலும் கீழும் முன்பற்கள் விளிம்போடு விளிம்பு தொட்டன. அது நல்ல அறிகுறி என்றார். கோளாறின் ஒரு பகுதி, கடிக்கும்போது பல் தட்டி, தாடை முன்னால் வழுக்கி வருவதால் உண்டானது. முழுவதும் எலும்பினால் அல்ல. பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். மூன்றாம் வகுப்பு பரம்பரையில் ஓடக்கூடியது. எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. பழைய ஆல்பங்கள் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டன. கனடாவிலிருக்கும் என் கணவரின் பெரியப்பாவிடம் கேட்டோம். அவர் வட்ஸப்பில் அனுப்பிய இரண்டு படங்களில் ஒன்று, பிள்ளைகளின் அப்பப்பாவினுடைய கல்யாணத்துக்கு முந்தியது. எங்களுக்கெல்லாம் தாடியோடு மட்டுமே தெரிந்த மனிதருக்கு அந்தப் படத்தில் தாடி இல்லை. அவர் ஏன் வாழ்நாள் முழுவதும் தாடி வைத்திருந்தார் என்பது அன்றிரவு எங்களுக்கு விளங்கிற்று.

எக்ஸ்ரேயில் மேல்தாடை பின்தங்கியிருந்தது மட்டுமல்லாமல் ஒடுங்கியும் இருந்தது. எனவே முதலில் அதை அகலமாக்க வேண்டும். அண்ணத்தின் நடுவே ஒரு பொருத்துக் கோடு உண்டு. பதின்ம வயதின் பிற்பகுதி வரை அது முற்றாக இறுகுவதில்லை. கடைவாய்ப் பற்களில் ஒட்டிய ஒரு பிளேட்டின் நடுவில் சின்னத் திருகாணி. அதன் துளையில் ஊசி போன்ற சாவியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை முன்னால் தெரிந்தால் ஒரு திருப்பு முடிந்தது. ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீற்றர். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பன்னிரண்டு நாட்கள், இருபத்து நான்கு திருப்புகள்.

நாங்கள் திருகியது 2022 மார்ச்சின் கடைசி நாட்களில். நாட்டில் எண்ணெயும் இல்லை, மின்சாரமும் இல்லை. மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. அவள் என் மடியில் தலையை வைத்துப் படுப்பாள். மூத்தவன் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடிப்பான். நான் சாவியை நுழைப்பேன். சாவி கைதவறி அவளுடைய தொண்டைக்குள் போய்விடாமல் இருக்க அதன் முனையில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை என் விரலில் சுற்றியிருப்பேன். முதல் நாள் என் கை நடுங்கியதில் வெளிச்சம் பிடித்தவன்தான் பயந்தான். வலிக்கிறதா என்று கேட்டால், மூக்கு இறுக்குகிறது என்பாள். ஒவ்வொரு திருப்புக்கும் கலண்டரில் ஒரு புள்ளி.

ஒரு கிழமையில் அவளுடைய மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு நீக்கல் விழுந்தது, தீக்குச்சி போகும் அளவுக்கு. பல்லை நெருக்கி வைக்கப் போனால் விலக்கி வைக்கிறார்களே என்று அம்மா பதறினார், பிறகு பல் நீக்கல் அதிர்ஷ்டம்தானே என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த நீக்கல்தான் பொருத்து விரிந்ததற்குச் சாட்சி. 1860இல் அமெரிக்காவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் வைத்தியர் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் திருகாணி பொருத்தி, இரண்டு கிழமையில் இதே நீக்கலைக் கண்டு எழுதினார். எலும்பு அப்படி விலகும் என்பதை அன்றைய வைத்திய உலகம் நம்பவில்லை, அந்த முறை பரவலாகத் திரும்பி வர ஏறக்குறைய நூறு வருடங்கள் எடுத்தன. எங்கள் வீட்டு நீக்கல் சில மாதங்களில் தானாகவே மூடிக்கொண்டது.

அகலமாக்கிய கையோடு முகக்கவசம் வந்தது. நெற்றியில் ஒரு மெத்தை, நாடியில் ஒரு மெத்தை, இரண்டையும் இணைக்கும் கம்பி; கம்பியின் குறுக்குச் சட்டத்திலிருந்து வாய்க்குள்ளிருக்கும் பிளேட்டின் கொளுக்கிகளுக்கு இரண்டு இறப்பர் வளையங்கள். நெற்றியையும் நாடியையும் உதைப்பாக வைத்துக்கொண்டு மேல்தாடையை முன்னால் இழுப்பது அதன் வேலை. பத்து வயதுக்கு முன் போட்டால்தான் எலும்பு நன்றாக இசைந்து கொடுக்கும். நாளுக்குப் பதினான்கு மணித்தியாலம் என்றார்கள். நாங்கள் எட்டியது பெரும்பாலும் பன்னிரண்டு. வளையங்கள் வரும் சின்னப் பொட்டலத்தில் அளவை அறிய ஒரு மிருகத்தின் படம் அச்சிட்டிருக்கும். அந்த மிருகத்துக்கு அவள் ஒரு பெயரும் வைத்துவிட்டாள், நித்திரைக்கு முன் அதைக் கூப்பிட்டுத்தான் வளையம் மாட்டுவாள்.

இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர்கள் கொழும்பின் ஏப்ரல் மாதத்தை நினைத்திருக்க மாட்டார்கள். மின்விசிறி ஓடாத இரவுகளில் நாடி மெத்தைக்குள் வியர்வை தேங்கித் தோல் சிவந்து கொப்பளித்தது. பழைய பருத்திச் சேலையைச் சதுரமாக வெட்டி உள்ளே வைத்து, நனைய நனைய மாற்றினோம். நித்திரையில் அவளே கழற்றி எறிந்த இரவுகளும் உண்டு. காலையில் கட்டிலுக்கடியில் கிடந்ததைக் காணும்போது கோபம் வரும், பிறகு, அதைப் போட்டுக்கொண்டு நான் ஒரு மணித்தியாலமாவது படுப்பேனா என்று தோன்றும்.

சொந்தக்காரர் எல்லோரும் சொல்லி வைத்ததுபோல ஒன்றையே சொன்னார்கள்: ஸ்கொலசிப் முடியட்டும். அவள் அப்போது நான்காம் தரம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அடுத்த வருடம். எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையில் எல்லாமே அந்தப் பரீட்சைக்கு முன் அல்லது பின் என்று ஒதுக்கப்படுவதை நான் அறிவேன். நானும் ரியூஷனுக்குக் காசு கட்டியவள்தான். ஆனால் மேல்தாடைக்கு அந்தக் கணக்கு தெரியாது. பரீட்சை 2023 ஒக்ரோபரில் நடந்தது. அதுவரை காத்திருந்தால் அவளுக்குப் பத்து வயது தாண்டியிருக்கும். இதே கணக்கில், பதினொராம் தரத்தில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, மகளை வளர்ச்சி நின்ற பிறகு கொண்டுவந்த தாய் ஒருவரைக் கிளினிக்கில் சந்தித்தேன். அந்தப் பிள்ளைக்கு அறுவைச் சிகிச்சையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்து மாதத்தில் இளையவளின் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே மூன்று மில்லிமீற்றர் வந்தன. கண்ணுக்குக் கீழே, மூக்கின் இரு பக்கமும் இருந்த பள்ளம் குறைந்தது. இதோடு முடிந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார் டொக்டர், ஒளிவு மறைவின்றி. இங்கிலாந்தில் ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஓர் ஆய்வில், ஆறு வருடங்களுக்குப் பிறகு, முகக்கவசம் போட்டவர்களில் 36 சதவீதத்தினருக்கும் போடாதவர்களில் 66 சதவீதத்தினருக்கும் தாடை அறுவைச் சிகிச்சை தேவைப்படும் என்று நிபுணர் குழு மதிப்பிட்டது. முப்பத்தாறு என்பது பூச்சியம் அல்ல. ஆனால் அறுபத்தாறும் அல்ல.

மூத்தவனுக்கு வருகிறேன். 2022இல், பன்னிரண்டரை வயதில், அவனை எக்ஸ்ரேயில் பார்த்த டொக்டர், கழுத்தெலும்புகளின் வடிவத்தைச் சுட்டிக்காட்டினார். அவற்றின் கீழ் விளிம்பு குழிவதைக் கொண்டு வளர்ச்சிப் பாய்ச்சல் எவ்வளவு கிட்டவிருக்கிறது என்று கணிக்கிறார்கள். பிறகு கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு உயர்ந்தான் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவு நிலையைப் படம் பிடித்து, அடுத்த முறை காட்டினேன். முந்திய வருடங்களில் ஐந்து ஐந்து சென்ரிமீற்றராக ஏறிய கோடு, கடைசி வருடத்தில் ஏழுக்கு மேல் தாவியிருந்தது. அவர் அந்தப் படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, உங்கள் அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார்.

அவனுக்குப் போட்டது ட்வின் பிளொக். மேலுக்கொன்று கீழுக்கொன்றாக இரண்டு பிளேட்டுகள். இரண்டிலும் சாய்வான மேடுகள். கடிக்கும்போது சாய்வும் சாய்வும் உரசி, கீழ்த்தாடை முன்னால் வந்தால்தான் வாய் மூடும். ஸ்கொட்லாந்தில் வில்லியம் கிளார்க் 1977இல் இதை முதலில் செய்தது, விழுந்து முன்பல்லை இழக்கவிருந்த, சக பல் வைத்தியர் ஒருவரின் மகனுக்காக. சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது. முதற் கிழமை அவனுக்கு ழகரம் போய்விட்டது. அண்ணத்தை பிளேட் மூடிக்கொண்டால் நாக்கு மடிந்து தொட இடமில்லை. ழ, ள, ட எல்லாம் ஒரே குழம்பாக வரும். சித்தப்பா வேண்டுமென்றே தொலைபேசியில் அழைத்து ‘வாழைப்பழம்’ சொல்லச் சொல்வார். தமிழ்ப் பாடத்தில் உரத்து வாசிக்கச் சொன்னபோது வகுப்பு முழுவதும் சிரித்ததாகச் சொன்னான். அவனும் சேர்ந்து சிரித்தானாம். பத்து நாளில் ழ திரும்பி வந்தது.

ஒருநாள், விதியை மீறிச் சாப்பாட்டுக்குக் கழற்றி, லஞ்ச் சீற்றுக்குள் வைத்துச் சுருட்டி, சோற்றுப் பருக்கைகளோடு கன்ரீன் குப்பை வாளியில் எறிந்துவிட்டான். நானும் பாடசாலைச் சுத்திகரிப்பாளர் அக்காவும் கையுறை போட்டுக்கொண்டு நாற்பது ஐம்பது லஞ்ச் சீற்றுகளை விரித்துப் பார்த்தோம். மேல் பிளேட் கிடைத்தது. கீழ் பிளேட் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்யப் பொருள் வரவில்லை என்று கிளினிக்கில் ஐந்து கிழமை காக்க வைத்தார்கள். அந்த வருடம் எதுதான் நாட்டுக்குள் வந்தது?

ஒன்பது மில்லிமீற்றர், பதினொரு மாதத்தில் மூன்றாகக் குறைந்தது. அதில் கீழ்த்தாடை உண்மையாக நீண்டது ஒன்றிரண்டு மில்லிமீற்றர்தான் இருக்கும், மிச்சமெல்லாம் மேற்பற்கள் உள்ளேயும் கீழ்ப்பற்கள் வெளியேயும் சாய்ந்ததால் வந்தது என்று டொக்டர் விளக்கினார். தாடையை வளர்க்கும் கருவி என்று தனியார் விளம்பரங்களில் காணும்போது எனக்கு இந்த விளக்கம் நினைவுக்கு வரும். பிறகு பல்லிலேயே ஒட்டிய, கழற்ற முடியாத கம்பி ஒன்றரை வருடம். இப்போது அவன் சிரிக்கும் படங்களில் கீழ் உதடு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

இளையவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. முகக்கவசம் அலுமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. எறியட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். மேல்தாடை செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது; கீழ்த்தாடையின் முறை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அது எங்கே போய் நிற்கும் என்பது பதினேழு பதினெட்டு வயதில்தான் தெரியும். ஆறு மாதத்துக்கொருமுறை கிளினிக். வீட்டில் மூன்று மாதத்துக்கொருமுறை அளவு, ஏனென்றால் பிறந்தநாள் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அம்மாவுக்குக் கை நடுக்கம் என்பதால் அடிமட்டத்தை நான் பிடிக்கிறேன், திகதியை அவர் சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நிறுத்தி அளந்தேன். மூன்று மாதத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல். கோட்டைக் கீறிவிட்டு, பல்லைக் கடித்துக் காட்டு என்றேன். அவள் சலித்துக்கொண்டே ஈயென்று காட்டினாள். குனிந்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். மேற்பல் இன்னும் முன்னால்தான் நிற்கிறது.